நுளம்புக்கு அடித்த மருந்தும் நெடுந்தீவு மணல் ஈயும்

2005 இல் பிரித்தானியாவிலிருந்து வெளிவரும் பூச்சியியல் ஆய்விதழ் ஒன்றில் நெடுந்தீவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நெடுந்தீவு எண்டவுடன எங்களுக்கு ஞாபகம் வாற குதிரை, பெருக்கமரம், பவளக்கல் வேலி ஒண்டும் அதில இல்லை. தீவில் பிடித்த மணல் ஈக்களை ஒவ்வொன்றாக அரைத்து, அவற்றின் உடம்பிலிருந்த நான்கு நொதியத் தொகுதிகளை அளந்து பார்த்த கட்டுரை அது. எழுதியவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல்துறையின் நோபிள் சுரேந்திரன். இன்னொருவர் பேராதனையின் பராக்கிரம கருணாரத்ன. மற்றொருவர் ஜனட் ஹெமிங்வே. பூச்சிகள் மருந்துக்கு எப்படிப் பழகிப் போகின்றன என்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்த பிரித்தானியர்.

அந்த ஈக்களில் இரண்டு நொதியங்கள் வழமைக்கு மாறாக இருந்தன. இரண்டுமே பூச்சிமருந்தைத் தாங்கிக்கொள்ளும் பூச்சிகளில் காணப்படுகிற மாற்றங்கள். தாங்கள் அறிந்தவரை மணல் ஈயில் இவை பதிவாவது இதுவே முதல் தடவை என்று கட்டுரையாளர்கள் எழுதினார்கள். ஆனா எங்களை நிப்பாட்டி யோசிக்க வைச்சது அந்த 'முதல் தடவை' இல்லை. மணல் ஈயைக் கொல்ல இலங்கையில் மருந்தடிக்கலாமா என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதாவது அந்த ஈயைக் குறிவைத்து அதுவரை ஒருத்தரும் ஒரு சொட்டு மருந்தும் அடிக்கேல்லை. அடிக்காத மருந்துக்கு அது எப்படிப் பழகியது?

பதில் எங்கட அம்மம்மாமாரின்ர வீட்டுச் சுவரில இருக்கு. அதுக்கு முதல் ஈயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும்.

மணல் ஈ எண்டாலும் அது மணலில வாழுறதில்லை, வீட்டில மொய்க்கிற ஈ மாதிரியும் இல்லை. இரண்டு, மூன்று மில்லிமீற்றர் நீளம்தான். உடம்பெல்லாம் மயிர். உட்கார்ந்திருக்கும்போது இரண்டு சிறகையும் 'வி' எழுத்து மாதிரி மேலே தூக்கி வைத்திருக்கும். நுளம்பு காதுக்குள்ள வந்து பாடும், இது சத்தமே போடாது. சாதாரண நுளம்பு வலைக் கண்ணுக்குள்ளால நுழைந்துவிடும். தூரம் பறக்க ஏலாது, தத்தித் தத்தித்தான் போகும். குடம்பிகள் தண்ணீரில் வளர்வதில்லை. மாட்டுக் கொட்டில் ஓரத்து ஈர மண், சுவர் வெடிப்பு, உக்கிய இலைகுழை போன்ற இடங்களில் வளர்கின்றன. ஆகவே நுளம்புக்குச் செய்வதுபோல தேங்கின தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு இதை ஒழிக்க முடியாது. வளர்ந்த ஈ ஓய்வெடுக்கிற சுவரில் மருந்தடிப்பதுதான் நெடுங்காலமாகப் பிரதான வழி.

எங்கட தீவிலும் இந்தியாவிலும் நோய் பரப்புகிற இனத்துக்கு 1908 இல் கல்கத்தாவிலிருந்த அனண்டேல், புறுனெற்றி என்ற இருவர் வைத்த பெயர் பிளெபோட்டோமஸ் ஆர்ஜென்டிப்பஸ். 'வெள்ளிக்கால்' என்று அர்த்தம். வடிவான பெயர். அது காவுகிற ஒட்டுண்ணியின் பெயரிலோ மெட்ராஸ் இருக்கிறது. 1903 இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் இருந்த சார்ள்ஸ் டொனவன் தன் நோயாளிகளின் மண்ணீரலில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அதே ஆண்டு லீஷ்மன் என்ற இராணுவ வைத்தியரும், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் முகாமில் நோய்ப்பட்ட ஒரு சிப்பாயின் உடலில் கண்டதை வெளியிட்டிருந்தார். இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டொனவானி என்று பெயர் வைத்தவர், மலேரியாவை நுளம்பு பரப்புவதைக் கண்டுபிடித்த அதே றொனால்ட் றொஸ்.

இந்தியாவில் இந்த ஒட்டுண்ணி காலா அசார் என்ற நோயைக் கொடுக்கும். மண்ணீரல் வீங்கி, காய்ச்சல் விடாமல் அடித்து, வைத்தியம் இல்லாவிட்டால் ஆளைக் கொல்லும் நோய். இலங்கையில் இதே இன ஒட்டுண்ணி பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. முகத்தில், கையில், காலில் நோகாத ஒரு கட்டி. பிறகு அது ஆறாத புண்ணாகும். நோகாததால் சனம் மாதக்கணக்கில் கவனிக்காமல் விடும். ஒரே இனம் ஏன் அங்கே உள்ளுறுப்பையும் இங்கே தோலையும் பிடிக்கிறது என்பது தனியே எழுதவேண்டிய கதை.

இப்ப நெடுந்தீவுக்குத் திரும்புவம். ஆய்வுக்கு ஏன் அந்தத் தீவு? கட்டுரை சொல்லும் காரணம், தென்னிந்தியாவிலிருந்து திரும்பும் அகதிகள் சட்டவிரோதமாக வந்திறங்கிப் போகும் இடம் அது, தென்னிந்தியாவில் இந்த நோய் உண்டு, ஆகவே அங்கே உள்ள ஈக்களை அறிந்து வைத்திருக்க வேண்டும் என்பது. முன்னெச்சரிக்கை என்ற அளவில் இதில் பிழை இல்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு முன்னெச்சரிக்கை வரி இருபது வருடத்தில் காரணமாக மாறிவிடும் என்பதால் இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நிற்க விரும்புகிறோம். உள்நாட்டிலேயே தொற்றிய முதல் தோல் லீஷ்மேனியாசிஸ் நோயாளி 1992 இல் பதிவானார். அவர் அம்பாந்தோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவர், தீவின் மற்ற அந்தம். அதற்குப் பிறகு 2000களின் தொடக்கத்தில் எண்ணிக்கை கூடியபோது நோயாளிகளில் பலர் வடக்கின் காடுகளில் நிறுத்தப்பட்டிருந்த படையினர். ஈயும் அகதிப் படகில் வந்ததில்லை. இந்த இனம் இலங்கையில் மனிதரைக் கடிப்பதைப் பற்றி 1990 இலேயே தனியாக ஓர் ஆய்வு வந்திருக்கிறது. காலா அசாரின் பெரிய களமான பீகாரோ, எங்கட சனம் இருந்த தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேல் வடக்கே. குறிகட்டுவானுக்கு வள்ளம் ஏறக் காத்திருந்த ஒரு குடும்பத்தின் தலையில் ஒரு நோயைக் கட்டிவிடுவது சுலபம். ஆனால் அந்த ஈக்களின் உடம்பில் கிடைத்த சான்று இந்தியாவைக் காட்டவில்லை, கொழும்பைக் காட்டியது.

1934–35 மலேரியாப் பெருந்தொற்றில் இலங்கையில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அந்த அடியின் நினைவோடுதான் இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு டி.டி.ரி. வந்திறங்கியது. 1946 இல் ஏறத்தாழ 28 இலட்சமாக இருந்த மலேரியா நோயாளர் எண்ணிக்கை 1963 இல் வெறும் 17 ஆக இறங்கியது. 28 இலட்சத்திலிருந்து 17. மருந்தடிப்பை நிறுத்தினார்கள். 1960களின் முடிவில் மலேரியா திரும்பி வந்து ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதற்குள் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்பும் டி.டி.ரிக்குப் பழகத் தொடங்கிவிட்டது. 1970களின் நடுவில் டி.டி.ரியைக் கைவிட்டு மலத்தியனுக்கு மாறினார்கள். 1990களில் பைரெத்ரொயிட் வகை மருந்துகள் வரும்வரை மலேரியாத் தடை இயக்கத்தின் முக்கிய ஆயுதம் மலத்தியன்தான்.

இதைப் பழைய ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ. டி.டி.ரி. காலத்தை வெள்ளைத் திட்டாலயும் மலத்தியன் காலத்தை மணத்தாலயும் ஞாபகம் வைச்சிருப்பினம். சட்டி பானை, அரிசி மூட்டை, உடுப்பு எல்லாத்தையும் முத்தத்துக்குக் காவிக்கொண்டு போய் வைக்கவேணும். தோளில் பம்பு மாட்டினவர்கள் உள்ளே போய் சுவர், கூரையின் உட்புறம், கட்டிலுக்குக் கீழே எல்லாம் விசிறிவிட்டுப் போவார்கள். மருந்து சுவரில் காய்ந்து மாதக்கணக்கில் இருக்கும். இரத்தம் குடித்துவிட்டு வயிறு பாரமாக வந்து சுவரில் குந்துகிற நுளம்பு அதன் மேல் கால் வைத்துச் சாகவேண்டும். திட்டம் அவ்வளவுதான். மண் சுவரில் மலத்தியன் கெதியாக உறிஞ்சப்பட்டுவிடும் என்பதால் டி.டி.ரியை விட அடிக்கடி அடிக்கவேண்டியிருந்தது.

சுவரில் குந்துவது நுளம்பு மட்டுமில்லை. அதே சுவரில், அதே இரவில், அதே மாதிரி இரத்தம் குடித்த மணல் ஈயும் குந்தியது. ஒருத்தரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பாலான ஈக்கள் செத்திருக்கும். எங்கோ ஒன்றிரண்டு, நொதியத்தில் சின்ன வித்தியாசத்தோடு பிறந்தவை, தப்பி முட்டையிட்டிருக்கும். அடுத்த சுற்றில் அவற்றின் பிள்ளைகளில் இன்னும் கொஞ்சம் கூடத் தப்பியிருக்கும். உயர்தரத்தில பயோ படிச்ச ஆக்களுக்கு இயற்கைத் தேர்வை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நெடுந்தீவு ஈக்களில் கண்ட மாற்றங்கள் பெரும்பாலும் மலேரியாத் தடை இயக்கத்தின் மலத்தியன் அடிப்பிலிருந்தே வந்திருக்கும் என்பதுதான் 2005 கட்டுரையின் முடிவும்.

சரி, ஈ மருந்துக்குப் பழகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை.

முதலாவது உலக சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனை. கருவி மிக எளிமையானது. இரண்டு பிளாஸ்ரிக் குழாய், நடுவில் இழுத்துத் திறக்கிற ஒரு தட்டு. ஒரு குழாயில் பச்சைப் பொட்டு, மற்றதில் சிவப்புப் பொட்டு. சிவப்புப் பொட்டுக் குழாயின் உட்புறம் முழுக்க, குறித்த அளவு மருந்து தோய்த்த 12 க்கு 15 சென்ரிமீற்றர் கடதாசி சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இருபது, இருபத்தைந்து பெண் பூச்சிகளைப் பச்சைப் பொட்டுக் குழாயில் விட்டு, நல்ல சுகமாக இருக்கின்றனவா என்று பார்த்து, மெல்ல ஊதி மற்றப் பக்கம் அனுப்புவார்கள். ஒரு மணித்தியாலம் மருந்துக் கடதாசியோடு. பிறகு திரும்பப் பச்சைப் பொட்டுக்கு. சீனித் தண்ணியில நனைச்ச பஞ்சு வைத்து 24 மணித்தியாலம் விட்டு, செத்தவற்றை எண்ணுவார்கள். நூற்றுக்கு 98 அல்லது அதற்கு மேல் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே என்றால் எதிர்ப்பு வந்துவிட்டது. இடையில் நின்றால் சந்தேகம், திரும்பச் செய்யவேண்டும். பக்கத்தில் மருந்தில்லாத கடதாசியோடு இன்னொரு குழாயும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் செத்துப்போனால் முழுச் சோதனையையும் தூக்கிப்போட வேண்டியதுதான், ஏனென்றால் பூச்சிகள் மருந்தால் செத்தனவா, நாங்கள் பிடித்துக் கசக்கியதால் செத்தனவா என்று தெரியாது.

மணல் ஈக்கு இந்தக் கடைசி நிபந்தனைதான் பெரிய தலையிடி. நுளம்பைக் குடம்பியாகப் பிடித்து ஆய்வுகூடத்தில் வளர்த்து, ஒரே வயதில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். மணல் ஈயின் குடம்பியை மண்ணுக்குள் தேடிப் பிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். வளர்ந்த ஈயைத்தான் இரவில் பிடிக்கவேண்டும். விரல் பட்டால் கால் கழன்று போகும், கொஞ்சம் காய்ந்த காற்றுப் பட்டாலே சாகும். நெடுந்தீவில் இரவில் பிடித்து, வள்ளத்தில் ஏற்றி, வெயிலுக்குள்ளால ஆய்வுகூடம் வரைக்கும் உயிரோட கொண்டு போறதை நினைச்சுப் பாருங்கோ. இன்னொரு சிக்கலும் இருந்தது. டி.டி.ரி. 4 சதவீதம், மலத்தியன் 5 சதவீதம் என்ற கடதாசி அளவுகள் அனோபிலிஸ் நுளம்புக்காகத் தீர்மானிக்கப்பட்டவை. அதைவிடப் பல மடங்கு சின்னதான மணல் ஈக்கும் நெடுங்காலம் அதையேதான் பாவித்தார்கள். அளவு கூடினால், கொஞ்சம் பழகிவிட்ட ஈயும் செத்துவிடும். சோதனை 'எல்லாம் சரி' என்று சொல்லும். மருந்தடிப்பிலும் அந்த ஈயை ஒருத்தரும் கணக்கெடுக்கவில்லை, சோதனையிலும் அதற்கென்று ஓர் அளவுகோல் இல்லை.

நெடுந்தீவு ஆய்வு போனது இரண்டாவது வழியால். மனிதரும் மாடும் இரையாக இருக்க வலைப்பொறி வைத்து ஈக்களைப் பிடித்தார்கள். மாட்டைப் பெரிய வலைக்குள் கட்டிவிட்டு, இரத்தம் தேடி உள்ளே வரும் ஈக்களை எடுப்பது இந்தப் பக்கத்தில் பழைய முறை. மரபணுத் துண்டொன்றை வாசித்தும், உருவத்தைப் பார்த்தும், அது வெள்ளிக்கால் ஈதான் என்று உறுதி செய்தார்கள். பிறகு நொதிய அளவீடு. இந்த முறையில் ஒரு ஈயை ஒரு துளி நீரில் அரைத்து, சின்னக் குழிகள் உள்ள தட்டில் பங்கு போட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு இரசாயனத்தைச் சேர்த்து, வரும் நிறத்தின் கடுமையைக் கருவியால் அளப்பார்கள். ஒரே ஈயிலிருந்து பல விடை. ஈ உயிரோடு இருக்கவேண்டிய தேவையும் இல்லை, குளிரில் உறையவைத்துக் கொண்டுவந்தால் போதும்.

அவர்கள் தேடிய நான்கில் இரண்டைத்தான் இங்கே விளங்கப்படுத்த வேண்டும். மலத்தியன் பூச்சியின் நரம்பில் வேலை செய்கிறது. நரம்புச் செய்தி ஒன்று கடத்தப்பட்டவுடன், செய்தி கொண்டுவந்த அசற்றைல்கோலினை வெட்டிச் சுத்தம் செய்ய ஒரு நொதியம் உண்டு. மலத்தியன் அந்த நொதியத்தில் ஒட்டி அதை முடக்கிவிடும். செய்தி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும், பூச்சி துடித்துச் சாகும். இதிலிருந்து தப்ப ஒரு வழி, மருந்து ஒட்டாத வடிவத்துக்கு அந்த நொதியமே மாறுவது. இன்னொரு வழி, எஸ்தரேஸ் என்ற வேறு நொதியத்தை அளவுக்கு மிஞ்சிச் சுரந்து, மருந்து நரம்புக்குப் போக முதலே அதைப் பிடித்துவைப்பது. நெடுந்தீவு ஈக்களில் இந்த இரண்டுக்கும் தொடக்கநிலைச் சான்றுகள் கிடைத்தன.

'தொடக்கநிலை' என்ற சொல்லை ஆய்வாளர்களே கவனமாகப் போட்டிருந்தார்கள். நொதியம் மாறியிருக்கிறது என்பதும் சுவரில் அடித்த மருந்து தோற்றுவிட்டது என்பதும் ஒன்றல்ல. நூறு ஈயில் சிலவற்றில் மாற்றம் இருக்கலாம், மருந்து மிச்சத்தைக் கொன்றுகொண்டே இருக்கும். ஆனால் குழாய்ச் சோதனை இன்றைய நிலையை மட்டும் சொல்லும். நொதியம், இனி எந்த மருந்தை எடுத்தால் எங்கே இடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். உதாரணமாக, அந்த மாறிய நரம்பு நொதியம் மலத்தியனுக்கு மட்டுமல்ல, காபமேற் வகை மருந்துகளுக்கும் தப்ப உதவும், அவையும் அதே நொதியத்தைத்தான் தாக்குகின்றன. இந்த ஆய்வின் பெரிய பயன் எங்கட கணிப்பில இன்னொண்டு. மணல் ஈக்கு எதிராக மருந்தடிக்கத் தொடங்க முதலே ஓர் அடித்தள அளவு எடுத்து வைத்தார்கள். பிறகு எத்தனை தடவை பிடித்து அளந்தாலும் ஒப்பிட ஓர் எண் இருக்கும்.

அப்படி முன்கூட்டி அளந்து வைக்காமலும், அளந்தவர்கள் சொன்னதைக் கேட்காமலும் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பீகார் இருக்கிறது. அங்கேயும் கதை மலேரியாவில்தான் தொடங்கியது. 1950களில் நுளம்புக்கு அடித்த டி.டி.ரியால் காலா அசார் தற்செயலாக மறைந்துபோனது. அடிப்பு நின்றபிறகு 1970களில் பெரும் தொற்றாகத் திரும்பி வந்தது. அதே டி.டி.ரியை, இந்தத் தடவை ஈயைக் குறிவைத்து, அடித்தார்கள். 1970களின் கடைசியிலேயே பட்னாப் பக்கத்தில் இன்னொரு மணல் ஈ இனம் டி.டி.ரிக்குப் பழகியிருப்பது தெரிந்தது. 1990 அளவில் வெள்ளிக்கால் ஈயிலும் அதே அறிக்கை வந்தது. இருந்தும் டி.டி.ரி. அடிப்பு இன்னும் 25 வருடம் போலத் தொடர்ந்தது. 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஹெமிங்வே அதிலும் இருந்தார், இரண்டு விடயத்தைச் சேர்த்து அளந்தது: ஈ எவ்வளவு சாகிறது, சுவரில் உண்மையில் எவ்வளவு மருந்து இருக்கிறது. ஈக்கள் பெருமளவில் தப்பின. சுவர்களில் பெரும்பாலானவற்றில் அடிக்கவேண்டிய அளவை விட மிகக் குறைந்த மருந்துதான் இருந்தது. குறைந்த அளவு மருந்து, எதிர்ப்பு உள்ள பூச்சிக்குச் செய்கிற உதவி மாதிரி. அதற்குப் பிறகுதான் இந்தியா ஆல்பா சைப்பர்மெத்ரின் என்ற பைரெத்ரொயிட்டுக்கு மாறியது.

இலங்கையில் மலேரியா போய்விட்டது. 2012 இல் உள்ளூரில் கடைசி நோயாளி, 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ். போர்க்காலத்திலும் இரண்டு பக்கக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் மருந்தும் வலையும் போய்ச் சேர்ந்ததால் வந்த வெற்றி அது, அதைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. மலேரியா குறையக் குறைய வீட்டுச் சுவருக்கு மருந்தடிக்க வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். அதே காலத்தில் லீஷ்மேனியாசிஸ் ஏறியது. 2008 இல் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கினார்கள். 2018 இல் அறிவிக்கப்பட்ட நோயாளர் 3,000 ஐத் தாண்டினர். அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை என்று உலர்வலயம் முழுக்கப் பரந்தது.

2020 இல், தெற்கிலும் வடமத்தியிலும் வடமேற்கிலும் பல ஊர்களில் பிடித்த வெள்ளிக்கால் ஈக்களை வைத்து இன்னொரு ஆய்வு வெளியானது. இந்தத் தடவை உயிருள்ள ஈக்களைக் குழாயில் விட்டு, டி.டி.ரி., மலத்தியன், டெல்ராமெத்ரின், புரொபொக்சர் நான்கையும் சோதித்தார்கள். நுளம்பு அளவை அப்படியே எடுக்காமல் பல செறிவுகளில் பார்த்தார்கள். ஈக்கள் பொதுவாக இன்னும் மருந்துக்குச் சாகின்றன. சில ஊர் ஈக்களில் மட்டும், மருந்து ஒட்டாத அந்த நரம்பு நொதியம் திரும்பவும் தலைகாட்டியது. மலத்தியன் காலத்து வீடுகளில் பலதை இப்ப இடிச்சுக் கட்டியாச்சு.